செல்வரின் ஆட்சி பற்றிய ஒரு நம்பிக்கை: ரிஷி சுனக்கை முன்வைத்து ஒரு மறுப்பு

பணம் படைத்தவர் பதவிக்கு வந்தால் பொதுப்பணத்தில் கை வைக்க மாட்டார், வரவு செலவு அறிந்தவர் என்பதால் நாட்டையும் திறம்பட நடத்துவார் என்னும் பேச்சு தமிழ்நாட்டின் தேர்தல் காலங்களில் தவறாமல் எழுவது. 2022 அக்டோபர் 25 அன்று ரிஷி சுனக் லண்டனில் பிரதமர் பொறுப்பை ஏற்றபோது அவருடைய ஆதரவாளர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். சுனக்கின் அரசியல் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு கூறும் ஆட்டம் காண்கிறது.

முதலில், அவரைத் தொழிலதிபர் என்று அழைப்பதே முழுப் பொருத்தமுடையதன்று. சவுத்தாம்ப்டனில் மருத்துவரான தந்தைக்கும் மருந்துக்கடை நடத்திய தாய்க்கும் பிறந்த அவர், கோல்டுமேன் சாக்ஸ் வங்கியிலும், பின்னர் டிசிஐ, தெலீம் ஆகிய ஹெட்ஜ் ஃபண்டுகளிலும், அதாவது பெருஞ்செல்வர்களும் நிறுவனங்களும் ஒப்படைக்கும் பணத்தை முதலீடு செய்து ஈட்டும் ஆதாயத்தில் பங்கு பெறும் நிதியங்களிலும் பணியாற்றியவர். குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதியோ, பெங்களூரு இன்போசிஸ் நிறுவனத்தில் மனைவி அக்ஷதா மூர்த்திக்கு அவர் பிரதமரானபோது இருந்த, ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்குகளின் மதிப்பாக இருந்தது.

அடுத்தது திறமை பற்றிய வாதம். பிரதமராவதற்கு முன் நிதியமைச்சராக இருந்த அவருக்குப் புகழ் தேடித்தந்த செயலே வணிகக் கணக்குக்கு நேர் எதிரானது. கொரோனா முடக்கத்தால் வேலையின்றி வீட்டில் இருத்தப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற வரம்புக்குள், அரசே ஏற்கும் ஃபர்லோ திட்டத்தை அவர் 2020 மார்ச் 20 அன்று அறிவித்தார். வருவாய் நின்றுபோனால் நிறுவனம் ஆட்குறைப்பு செய்யும். அரசோ கடன் வாங்கி, ஏறத்தாழ 7,000 கோடி பவுண்டு செலவிட்டு, 1.17 கோடி வேலைகளுக்குச் சம்பளம் கொடுத்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் ஊழியரின் ஊதிய விவரத்தை வரித்துறைக்கு மின்வழியே தெரிவிக்கும் முறை 2013 முதலே நடைமுறையில் இருந்ததால்தான் ஒரே மாதத்தில் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்க முடிந்தது. ஆக, அந்த வெற்றியில் பெரும்பங்கு, ஆண்டுக்கணக்கில் அந்த முறையை உருவாக்கிப் பேணிய அரசு ஊழியர்களுக்கு உரியது.

வணிகர் துணிந்து முடிவெடுப்பார் என்பதற்கு, பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்கு அமைக்கப்படவிருந்த அதிவேக ரயில் பாதையை 2023 அக்டோபரில் அவர் கைவிட்டதைச் சான்றாகக் காட்டுவதுண்டு. செலவு மிகுந்துபோனது உண்மையே. ஆனால் மான்செஸ்டர் போன்ற வட நகரங்கள் பல ஆண்டுகளாக அப்பாதையை நம்பித் திட்டமிட்டிருந்தன. பங்கை விற்றுவிட்டு வெளியேறும் முதலீட்டாளரைப்போல ஓர் அரசு தன் வாக்குறுதியிலிருந்து வெளியேற இயலாது.

எஞ்சுவது நேர்மை பற்றிய வாதம். எல்லாவற்றிலும் வலுவானதாகத் தோன்றுவதும், ஆழமாகப் பிழைபட்டிருப்பதும் இதுவே. செல்வந்தர் ஆளும்போது எழும் இடர் திருட்டன்று; அவர் இயற்றும் விதிகள் அவருடைய குடும்பச் சொத்தையே தொடுவதுதான். 2022 ஏப்ரலில் ஊழியர்களின் தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் உயர்ந்த அதே வாரத்தில், அவ்வுயர்வைக் கொண்டுவந்த நிதியமைச்சரின் மனைவி ‘நான்-டாம்’ தகுதி பெற்றவர் என்பது நாளிதழ் வழியே வெளிப்பட்டது. பிரிட்டனில் வசித்தாலும் தம் நிரந்தரத் தாயகம் வேறு நாடு எனக் கொள்வோர், வெளிநாட்டு வருமானத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுவராதவரை அதற்கு அங்கே வரி கட்டத் தேவையில்லை என்பதே அப்போது அத்தகுதியின் பொருளாக இருந்தது. செய்தி வெளியான இரண்டே நாளில், இனி உலக வருமானம் முழுவதற்கும் பிரிட்டனில் வரி செலுத்துவதாக அவர் அறிவித்தார்.

2023 மார்ச் பட்ஜெட்டில், குழந்தைப் பராமரிப்புப் பணியில் புதிதாகச் சேர்வோருக்கு 600 பவுண்டும், முகமைகள் வழியே சேர்வோருக்கு அதன் இரு மடங்கும் ஊக்கத்தொகையாக அறிவிக்கப்பட்டன. அம்முகமைகளுள் ஒன்றான கோரு கிட்ஸில் பிரதமரின் மனைவிக்குப் பங்கு இருந்தது. அதே மாதம் 28ஆம் நாள் நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்திருந்த சுனக்கிடம், இதில் அறிவிக்க வேண்டிய நலன் ஏதும் உண்டா என்று உறுப்பினர் ஒருவர் நேரடியாகவே கேட்டபோது, இல்லை, தம் விவரங்கள் யாவும் வழக்கமான முறையில் தெரிவிக்கப்பட்டுள்ளன என்ற அளவில் அவர் பதிலை முடித்துக்கொண்டார். அவர் கவனக்குறைவால் நடத்தை விதியை மீறினார் என்று நாடாளுமன்ற ஒழுங்கு ஆணையர் ஆகஸ்டில் முடிவு செய்தார். சுனக்கும் வருத்தம் தெரிவித்தார். இவ்விரண்டிலும் திருட்டு இல்லை, சட்டமீறிய வரி ஏய்ப்பும் இல்லை. ஆயினும் செல்வம் குறைந்த ஒரு பிரதமருக்கு இக்கேள்விகள் எழவே இடமில்லை.

செல்வரின் தன்னலமின்மைக்குச் சான்று தேடுவோர் ஸ்டான்லி பால்டுவினைச் சுட்டலாம். இரும்பாலைக் குடும்பத்தில் வந்து மும்முறை பிரதமரான அவர், நிதித்துறையில் இளநிலை அமைச்சராக இருந்த 1919இல், தம் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கான ஏறத்தாழ 1,20,000 பவுண்டுக்குப் போர்க்கடன் பத்திரங்கள் வாங்கி, அவற்றை ரத்து செய்யுமாறு அரசிடமே கொடுத்துவிட்டார். பிற செல்வர்களும் அவ்வாறே செய்யும்படி பெயர் குறிப்பிடாமல் தி டைம்ஸ் இதழில் கடிதமும் எழுதினார். அது போற்றத்தக்க செயல். ஆனால் அவரைப் பின்பற்றியவர் மிகச் சிலரே. கடனின் சுமையை வரி செலுத்துவோரே தொடர்ந்து தாங்கினார்கள். நான்-டாம் சலுகையும் எந்தச் செல்வரின் மனமாற்றத்தாலும் முடிவுக்கு வரவில்லை. அதை ஒழிப்போம் என்று எதிர்க்கட்சியான தொழிற்கட்சி விடாது வலியுறுத்திவந்த நிலையில், தேர்தல் ஆண்டான 2024இன் மார்ச் பட்ஜெட்டில் சுனக் அரசே அதன் ஒழிப்பை அறிவித்தது. 2025 ஏப்ரலில், அவர் பதவி இழந்த பின்னர், அது சட்டப்படி நீங்கியது.