பொறியின் வலுவும் மலைநாட்டுக் காற்றும்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் புதிதாகக் குடிவரும் இல்லத்தரசி, இங்கு பருப்பு வேகத் தாமதமாவதை விரைவிலேயே கண்டுகொள்வாள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள இந்நகரில் காற்றின் அமுக்கம், கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் நீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. பானையில் தெரியும் இதே வேறுபாடு, கம்பளம் கழுவும் பொறியிலும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய துரைமார் பங்களாக்கள் பல இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. நகரத்துக் குடும்பங்களும் வீட்டின் அறைகளை வாடகைக்கு விடுகின்றன. ஏப்ரல் மாதத்துக் கூட்டம் கலைந்தபின், குளிருக்காக விரித்த கம்பளங்களில் சேறும் தேநீர்க் கறையும் எஞ்சுகின்றன. முன்னாளில் வெயில் கண்ட நாளில் கம்பளத்தைப் புல்தரையில் விரித்துப் பிரம்பால் அடிப்பார்கள். இன்று கையால் தூக்கிச் செல்லத்தக்க மின்பொறிகள் வந்துவிட்டன. விடுதி நடத்தும் குடும்பமாயினும், கடன்பட்டு ஒரு பொறியை வாங்கித் துப்புரவுத் தொழில் தொடங்க எண்ணும் தோட்டத்து இளைஞனாயினும், கடையில் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “இது எத்தனை வாட்ஸ்?” அந்த உவாற்றுக் கணக்கை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாமா என்பதே நம் இன்றைய ஆராய்ச்சி.

உறிஞ்சித் துப்புரவு செய்யும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹியூபர்ட் செசில் பூத். 1901ஆம் ஆண்டில் அவர் அமைத்த பொறி, குதிரை இழுக்கும் வண்டியில் ஏற்றவேண்டிய அளவு பெரியது. வீதியில் நின்றபடியே யன்னல் வழியாக நீண்ட குழாய்களை உள்ளே செலுத்தித் தூசை இழுத்தது. 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்து அது புகழ் பெற்றது. சிறிய மின்மோட்டாருடன் ஒருவரே கையாளத்தக்க பொறிக்கு 1908இல் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் ஆவார்.

இக்காலத்துக் கம்பளப் பொறி மூன்று வேலைகளைச் செய்கின்றது: சவர்க்கார நீரைத் தெளிக்கின்றது, தூரிகையால் தேய்க்கின்றது, அழுக்கு நீரை உறிஞ்சி வேறொரு தொட்டியிற் சேர்க்கின்றது. பொறியின் மேல் எழுதப்பட்ட உவாற்று, அது மின்கம்பியிலிருந்து எவ்வளவு வாங்குகின்றது என்பதைச் சொல்லும். கம்பளத்துக்கு எவ்வளவு கொடுக்கின்றது என்பதைச் சொல்லாது. 1,500 உவாற்றுப் பொறி ஒன்றில் நீரைச் சூடாக்கும் சுருளே 1,000 உவாற்றை விழுங்குமாயின், உறிஞ்சும் மோட்டாருக்கு எஞ்சுவது 500க்கும் குறைவே. சூடாக்கி இல்லாத 800 உவாற்றுப் பொறி அதனை எளிதில் வென்றுவிடலாம்.

மோட்டாருக்குக் கிடைக்கும் வலு எவ்வாறு செலவாகின்றது என்பதும் முக்கியம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறியைப் பாருங்கள். அது ஏராளமான காற்றை மெதுவான அமுக்கத்தில் தள்ளுகின்றது. கம்பளத்தின் அடியில் ஊறிய நீரை மேலே இழுப்பதற்கு அத்தகைய காற்று மட்டும் போதாது. வலிய இழுப்பும் வேண்டும். அந்த இழுப்பை, ஒரு குழாயில் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்றும் என்று அளப்பர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று விசிறித் தட்டுகள் பூட்டிய மோட்டாரில் இழுப்பு மிகும், காற்றோட்டம் குறையும். இழுப்பும் காற்றோட்டமும் சேர்ந்தே பொறியின் மெய்யான வலு.

இனி மலைக்கு வருவோம். விசிறி உண்டாக்கும் இழுப்பு, காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. இங்குள்ள குளிர் காற்றைச் சற்றே அடர்த்தியாக்கினும், உயரத்தால் நேரும் குறையை அது முழுதும் ஈடுசெய்வதில்லை. கொழும்பில் 200 சென்ரிமீற்றர் நீரை ஏற்றும் பொறி, அதே வேகத்திற் சுழன்றால், நுவரெலியாவில் ஏறத்தாழ 165 சென்ரிமீற்றரே ஏற்றும். மெல்லிய காற்று மோட்டாரைக் குளிர்விப்பதிலும் குறைவுபடும். மின்மோட்டார்களுக்கான சர்வதேச நியமம், 1,000 மீற்றருக்கு மேற்படாத உயரத்தையே வழமையான நிலையாகக் கொள்கின்றது. ஆகவே இங்கு பொறிக்கு இடையிடையே ஓய்வு கொடுப்பது நன்று.

மின்சாரத்தின் தரமும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டு வழங்கல் 230 உவோல்ற்று. நீண்ட, மெல்லிய கம்பியால் இணைப்பு எடுத்தால் அது குறையும். 200 உவோல்ற்றாக இறங்கும்போது சூடாக்கி தன் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்துவிடும், மோட்டாரும் தளரும்.

உவாற்று மிகுந்தால் துப்புரவும் மிகும் என்னும் எண்ணத்தை ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்கவில்லை. வீடுகளில் தூசு உறிஞ்சும் பொறிகளின் வலு 1,600 உவாற்றுக்குக் குறைவாக இருக்கவேண்டுமென 2014இலும், 900 உவாற்றுக்கு மேற்படலாகாதென 2017இலும் அது விதித்தது. தூசு அகற்றும் திறனுக்குக் கீழெல்லையையும் கூடவே வைத்தது. நீர் உறிஞ்சும் பொறிகள் இவ்விதிக்குள் அடங்கா. எனினும் படிப்பினை ஒன்றே.

அப்படியானால் எதனை வைத்து ஒப்பிடுவது? எளிய சோதனை ஒன்று உண்டு. கம்பளத் துண்டொன்றில் ஒரு லீற்றர் நீரைத் தெளித்து, பொறியால் உறிஞ்சி, அழுக்குத் தொட்டியிற் சேர்ந்ததை அளந்து பாருங்கள். ஒரு பொறி 800 மில்லிலீற்றரையும், மற்றொன்று 600 மில்லிலீற்றரையும் மீட்டால், வேறுபாடு சிறிதென எண்ணவேண்டா. முதலாவதில் கம்பளத்தில் எஞ்சிய நீர் 200, இரண்டாவதில் 400. ஈரம் இருமடங்கு! தென்மேற்குப் பருவத்து மூடுபனியில் அந்த ஈரம் நாட்கணக்கில் உலராது. பூஞ்சணம் பிடித்து நாறும். சிறுவருக்கு இருமலும் இழுப்பும் வரக்கூடும். ஆகையால் இச்சோதனையைக் கொழும்புக் கடையில் அன்றி, இங்கேயே செய்து பார்த்து வாங்குவது உத்தமம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உலர்ந்த தூசுக்கென அமைந்த பொறியால் நீரை உறிஞ்சலாகாது. அதன் மோட்டார் உறிஞ்சிய காற்றாலேயே குளிர்விக்கப்படுவதால், நீர் உட்புகுந்து பொறி பழுதாகும். கையாள்பவருக்கு மின்தாக்கமும் நேரலாம். மற்றொன்று, பாரம். தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோகிராம். பங்களாப் படிக்கட்டில் நாளும் அதனைத் தூக்கி ஏறப்போகிறவர் எவரோ, வாங்கும் முன் அவரையே ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.