'டான்' என்றொரு ஆசாமி

பாரிஸில் ஒரு நோயாளி. எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு கணீரென்று விழும். 1861-ல் அவர் செத்ததும் டாக்டர் ப்ரோகா மூளையைப் பார்த்தார். இடது பக்கம், முன்னால் பழுது.

பக்கவாதத்தில் பேச்சு போன பலருக்கு இன்றும் இதே கதைதான். புத்தி இருக்கும், வார்த்தை சிக்கிக்கொள்ளும். திட்டு, பாட்டு, ஒன்று-இரண்டு-மூன்று மட்டும் பல சமயம் தப்பித்துவிடும். (மேனேஜர்கள் சிலருக்கு ஸ்ட்ரோக் வராமலே அப்படித்தான்!)

"ஆறு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதான் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மனியில், ஆறு மாசம் தாண்டிய 156 பேரிடம் பார்த்துவிட்டார்கள். மூன்று வாரம், வாரம் பத்து மணி நேரமாவது பயிற்சி. அன்றாடப் பேச்சு தேறியது. பயிற்சிக்காக மூன்று வாரம் காத்திருந்த கோஷ்டிக்குத் தேறவில்லை. 2017-ல் 'லான்செட்'டில் வந்த சமாச்சாரம்.

என் பெரியப்பாவுக்குக் கிடைத்ததோ வாரம் அரை மணி. பி.காம். மூளை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். ஜெர்மனிக்காரரின் மூன்று வாரம், இவருக்கு அறுபது வாரம்!

தெரப்பிஸ்ட் அம்மாவிடம் கேட்டு, வீட்டில் செய்ய ஒரு கட்டுப் படம் வாங்கிவந்தோம். காலையில் பெரியம்மா, ராத்திரி நான். ஒரே நிபந்தனை, அவர் தடுமாறும்போது நாம் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. பெரியம்மாவுக்கு அதுதான் கஷ்டம். நாற்பது வருஷப் பழக்கம்!

முந்தாநாள் பேப்பரைக் காட்டி 'டம்ளர்' என்றார். வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து, "பே... பேப்பர்ரா, முட்டாள்!"