பிளாஸ்டிக் பிடிக்குச் சூடு போடலாம்... துளை போட்டால்? அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் கிழிக்கும் கோடு

ஒரு கைத்துப்பாக்கியைப் பிரித்துப் போட்டால், அதில் எது 'துப்பாக்கி'? குண்டு சீறிப் பாயும் இரும்புக் குழலா? விரலால் அழுத்தும் டிரிகரா? அமெரிக்காவின் ஃபெடரல் சட்டத்தைக் கேட்டால், இன்று விற்கும் பல மாடல்களில் அது கைகாட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் துண்டைத்தான். 'ஃபிரேம்' எனப்படும் அந்தத் துண்டில்தான் சீரியல் நம்பர் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் உதிரிபாகம்.

அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் அமெரிக்காவில் பலர் வீட்டு மேஜையில் வைத்து, சால்டரிங் அயர்னால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, சொரசொரப்பான பிடியாக மாற்றுகிறார்கள். இதற்கு 'ஸ்டிப்பிளிங்' என்று பெயர். இது சட்டப்படி தப்பில்லை. ஆனால் அதே மேஜையில், சாதாரண டிரில் மெஷினை வைத்து, பாதி முடிந்த ஒரு ஃபிரேமை முழுத் துப்பாக்கியாகவும் ஆக்க முடியும். அதுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

எதற்கு இந்தச் சூடு?

பாலிமர் ஃபிரேம் கொண்ட கைத்துப்பாக்கியை 1970-லேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதை உலகம் முழுக்கப் பரவலாக்கியது ஆஸ்திரியாவின் குளோக். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் குளோக் 17-ஐத் தேர்ந்தெடுத்த பிறகு, மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்குக்கு மாறின. எடை குறைவு, துருப்பிடிக்காது, அச்சில் வார்த்து எடுத்துவிடலாம்.

ஒரே குறை, வியர்த்த கையில் வழுக்கும். சுடும்போது பின்னோக்கி வரும் உதையில் பிடி நழுவினால், அடுத்த குண்டு குறி தவறும். பழைய துப்பாக்கிகளில் மரப்பிடியைக் கழற்றி வேறு மாட்டலாம். குளோக் போன்றவற்றில் பிடியும் ஃபிரேமும் ஒரே வார்ப்பு. கழற்ற வழியில்லை, மேற்பரப்பைத்தான் மாற்ற வேண்டும். நைலான் வகைப் பாலிமர் சூட்டில் இளகும் என்பதால் இந்தக் கைவேலை சாத்தியமாகிறது.

கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால் ஒருமுறை சுட்ட புள்ளியை அழிக்க முடியாது. சூடு அதிகமானால் சுவர் மெலிந்துவிடும், வளையும். எரியும் பிளாஸ்டிக் புகை நுரையீரலுக்கும் ஆகாது. நிறுவனம் தந்த வாரன்ட்டியும் பெரும்பாலும் போய்விடும். யூடியூபில் கைதேர்ந்தவர் செய்வதைப் பார்த்துவிட்டு இறங்கினால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தத் துப்பாக்கியின் பிடியைச் சொரசொரப்பாக்க ஃபெடரல் சட்டத்தில் தடை இல்லை. இரண்டு எல்லைகள் மட்டும் உண்டு. ஒன்று, மற்றவர்களின் துப்பாக்கிகளை வாங்கி இதையே தொழிலாகச் செய்தால் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்பு அதை வழங்குகிறது. இரண்டு, சீரியல் நம்பர் மேல் கை வைக்கவே கூடாது. நம்பர் அழிக்கப்பட்டது தெரிந்தே அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தால் அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

ஒரே பிளாஸ்டிக், வேறு வேறு சட்டம்

சிக் சாவர் நிறுவனத்தின் பி320 மாடலை எடுத்துக்கொள்வோம். 2017-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த துப்பாக்கியின் மூல வடிவம் இது. இதில் சீரியல் நம்பர் இருப்பது உள்ளே கழற்றி மாட்டும் ஓர் உலோகப் பாகத்தில். எனவே சட்டப்படி அந்த உலோகத் துண்டுதான் துப்பாக்கி. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பிடி செல்போன் கவர் மாதிரி வெறும் உதிரிபாகம். சூடு போட்டுச் சொதப்பினால் வேறொன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்யலாம்.

குளோக்கில் சொதப்பினால் அது நடக்காது. புது ஃபிரேம் வாங்குவதே புதுத் துப்பாக்கி வாங்குவதுதான். லைசென்ஸ் உள்ள கடை, விண்ணப்பம், பின்னணிச் சோதனை எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அமெரிக்காவில் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது முக்கியம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். 'குழலே இல்லை, சும்மா பிளாஸ்டிக் ஃபிரேம்தானே, நண்பனுக்காக டிசைன் போட்டுக் கொடுக்கிறேன்' என்று வீட்டில் வாங்கி வைத்தாலும், அது துப்பாக்கி வைத்திருந்ததாகவே ஆகிவிடலாம்.

துளை போட்டால் கதை மாறும்

ஃபிரேம்தான் துப்பாக்கி என்றால், முழுதாக முடியாத ஃபிரேம்? சில நிறுவனங்கள் இந்தச் சந்துக்குள் புகுந்தன. ஒருசில துளைகள் போடாமல், சில பிளாஸ்டிக் நீட்டல்களை வெட்டாமல் விட்டு, 'இது துப்பாக்கியே இல்லை' என்று கிட்டாக விற்றன. நம்பர் இல்லை, பின்னணிச் சோதனை இல்லை. இப்படி உருவானவைதான் 'கோஸ்ட் கன்' எனப்படும் பேய்த் துப்பாக்கிகள். குற்றம் நடந்த இடத்தில் ஒன்று கிடைத்தால், யார் வாங்கியது என்று போலீஸால் தேடிப்போக முடியாது.

2017-ல் நாடு முழுவதும் போலீஸார் இப்படிச் சுமார் 1,600 துப்பாக்கிகளின் மூலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி மத்திய அரசிடம் அனுப்பினார்கள். 2021-ல் அந்த எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டியது.

அதனால் பைடன் அரசின் ஏடிஎஃப் 2022-ல் புது விதி கொண்டுவந்தது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்டும், பாதி முடிந்த ஃபிரேமும் துப்பாக்கியாகவே கருதப்படும். சீரியல் நம்பர் வேண்டும், வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை வேண்டும்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

விதியை எதிர்த்த வழக்கில், 2025 மார்ச் 26 அன்று 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச். தாமஸ், அலிட்டோ இருவரும் எதிர்த்தார்கள்.

கோர்சச்சின் வாதம் நடைமுறைப் பேச்சிலிருந்து வருகிறது. ஐகியாவில் பெட்டிக்குள் வரும் மேஜையை இன்னும் பூட்டாவிட்டாலும் 'மேஜை வாங்கினேன்' என்றுதானே சொல்கிறோம்? அந்த மாதிரிதான் இதுவும். பாலிமர்80 நிறுவனத்தின் கிட்டைச் சாதாரணக் கருவிகளால் சுடும் நிலைக்குக் கொண்டுவர 21 நிமிடமே ஆனது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

ஆக, வீட்டில் செய்ததா, கையால் செய்ததா என்பதல்ல கோடு. வேலை முடியும்போது புதிதாக ஒரு துப்பாக்கி பிறக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டிப்பிளிங்கில் பிறப்பதில்லை. ஏற்கெனவே நம்பர் உள்ள, சோதனை முடிந்து கைக்கு வந்த துப்பாக்கியின் தோல்தான் மாறுகிறது.

கோடு நிலைக்குமா?

இரண்டு சிக்கல்கள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, தடை செய்யப்படாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் துப்பாக்கி செய்துகொள்வதை ஃபெடரல் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள்தான் அதற்கும் கடிவாளம் போட்டிருக்கின்றன. கிட் விற்பவரைப் பிடிக்கலாம். 3டி பிரிண்டரில் ஃபிரேமை அச்சிட்டால் பிடிப்பதற்கு விற்பனையாளரே கிடையாது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கைதானவரிடம் 3டி பிரிண்டரில் செய்யப்பட்டதாகத் தெரியும் துப்பாக்கி இருந்தது என்று போலீஸ் தெரிவித்தது.

இரண்டாவது, அரசியல். விதி போட ஏடிஎஃப்புக்கு அதிகாரம் உண்டு என்றுதான் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதி இருந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில், முந்தைய அரசின் துப்பாக்கி விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். வழக்கில் ஜெயித்த விதியை, அதைப் போட்ட அமைப்பே முறையான நடைமுறையில் மாற்றவும் முடியும்.

அப்படி மாறினாலும் பிடிக்குச் சூடு போடுபவருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் போலீஸுக்குத்தான். சம்பவ இடத்தில் கிடக்கும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும்போது, அதில் ஒரு நம்பர் இருக்குமா, இருக்காதா என்பதை அந்த விதிதான் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது.