ஓட்டு யந்திரத்தின் ரகசியம்

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை விற்கும் குடியானவர், தராசில் சர்க்கார் முத்திரை இருப்பதைக் கண்டதோடு திருப்தியடைந்து விடுவதில்லை. சந்தேகம் தோன்றினால் வேறொரு தராசில் மறுபடி நிறுக்கச் சொல்வார். அதற்காக அவரை வியாபாரத்தின் விரோதி என்று யாரும் தூற்றுவதில்லை. 2024 ஏப்ரல் 19-ந் தேதி கடலூர், சிதம்பரம் தொகுதிகளில் இத்தகைய குடியானவர்கள் ஓட்டு யந்திரத்தின் பொத்தானை அழுத்தினார்கள். அந்த யந்திரம் எக்கட்டளைப்படி கணக்கிடுகிறதென்பதை அவர்களோ, அவர்கள் நம்பும் நிபுணரோ பார்க்க வழியில்லை. அதன் மூல நிரல், அதாவது யந்திரத்தை நடத்தும் கட்டளைத் தொகுதி, ஜனங்களுக்கு வெளியிடப்படவில்லை.

அந்தத் தேர்தலில் மோசடி நடந்ததென்று நாம் கூறவில்லை. மறைவைப் பற்றியே நமது ஆட்சேபம். நிரலை வெளியிட்டால் துஷ்பிரயோகம் நேரும் என்று அதே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு விசாரணையின்போது அபிப்பிராயம் கூறப்பட்டது. கோர்ட்டாரிடம் நமக்குள்ள மதிப்புக் குறையாமலே இதை மறுக்கிறோம். ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றி 1883-ல் எழுதிய கெர்க்காஃப்ஸ், முறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, சாவி ஒன்றே ரகசியமாயிருக்க வேண்டும் என்றார். அமைப்புத் தெரிந்தவுடன் திறந்துகொள்ளும் பூட்டு பூட்டே அல்ல. திருட நினைப்பவன் கள்ள வழியில் நிரலைத் தேடிக்கொள்வான். மறைவினால் தடைப்படுகிறவர்கள் யோக்கியர்களே.

திறந்து வைத்தால் சகலமும் சரியாகிவிடும் என்பதுமில்லை. யாவரும் பார்க்கக்கூடிய ஓபன் எஸ்எஸ்எல் நிரலில் 2012-ல் புகுந்த பிழை 2014-ல்தான் வெளிப்பட்டது. ஆனால் 2024 மார்ச்சில், எக்ஸ்இஸட் என்ற நிரலில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளக் கதவை, அரை வினாடித் தாமதம் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற எஞ்சினியர் துருவிக் கண்டுபிடித்தார். மூடிய நிரலாயிருந்தால் அவர் ஐயத்தோடு நின்றிருப்பார்.

வெளியிட்ட நிரலேதான் யந்திரத்துக்குள் இருக்கிறதா என்ற கேள்வி பிறகும் மிஞ்சும். விசேஷ ஞானமில்லாத பிரஜையும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டுமென்று ஜெர்மன் அரசியல் சட்டக் கோர்ட்டு 2009 மார்ச் 3-ல் தீர்ப்பளித்தது. நம்மிடம் அதற்கென்றே காகிதச் சீட்டு இருக்கிறது. ஆயினும் 2019-ல் பிறந்த உத்தரவுப்படி சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளே எண்ணப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ணும்படி கேட்ட மனுவை 2024 ஏப்ரல் 26-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிற்று. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் எழுதிக் கேட்டால் ஐந்து சதவிகித யந்திரங்களைச் சோதிக்கலாமென்று அத்தீர்ப்பே சலுகையளித்தது. சோதிப்பவர் யார்? யந்திரத்தைச் செய்த கம்பெனியின் எஞ்சினியர்களே!

தேர்தல் கமிஷன் அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் மூல நிரலை வெளியிட வேண்டும். சோதனையில் அபேக்ஷகர்கள் நியமிக்கும் நிபுணர்களையும் உட்கார வைக்க வேண்டும்.