அழித்துப் போடும் வைத்தியம்

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனி 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு தன் டயல்-அப் இணைப்பை மூடிவிட்டது. செய்தியைப் படித்த என் சிநேகிதர் ஒருவர், "அந்தச் சனியன் ஒழிந்ததா? பூனைகள் சண்டை போடுகிற மாதிரி கத்துமே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோடம் கத்தியது உண்மை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி என் சொத்தை அழித்தவர்கள் வேறு. அதை எழுதித்தான் தீர வேண்டும்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து, வேறொரு கம்பெனியின் மூலம், அது எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. மோடம் எண்ணைச் சுழற்றும், இரைச்சல் போடும், இணைந்துவிட்டதைப் போலப் பாவனை காட்டும், உடனே அறுந்துபோகும். கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். மோடத்தைத் தொடவில்லை. டெலிபோன் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விண்டோஸ் கெட்டுப்போச்சு, சார். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாச் சரியாயிடும்" என்றான். நானும் தலையாட்டினேன். அழித்தான். அதில் என் முதல் நாவலின் மூன்று அத்தியாயங்கள் இருந்தன.

பிரதி எடுத்து வைக்காதது என் பிழை, மறைக்கவில்லை. ஆனால் அன்று இரவும் மோடம் அதே இடத்தில்தான் அறுந்தது!

மறுநாள் லைன்மேன் வந்தார். ரிசீவரைக் காதில் வைத்தார். "கரகரன்னு கேக்குதே, தம்பி. பெட்டியில தண்ணி எறங்கியிருக்கும்" என்றார். வாசல் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து, பச்சைக் களிம்பேறிய கம்பி முனைகளைச் சுரண்டி முறுக்கினார். பத்து நிமிஷ வேலை. மோடம் பாடியது, இணைந்தது. அந்தக் கரகரப்பைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் தேவையில்லை. காது ஒன்று போதும்.

எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் கிடையாது. நாடி பார்க்காமல் கத்தியை எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பெரியவர்கள்மேல்தான் கோபம்.

டெலிபோன் கம்பி மனிதர் பேசுவதற்காக இழுத்தது. ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். அந்தக் குறுகிய சந்தில் கம்ப்யூட்டரின் கணக்கை ஒலியாக்கி அனுப்புவதும், வருகிற ஒலியை மறுபடி கணக்காக்குவதுமே மோடத்தின் தொழில். சிநேகிதர் சொன்ன பூனைச் சண்டை, இரண்டு மோடங்கள் 'எந்த வேகத்தில் பேசலாம்?' என்று பேரம் பேசிய ஓசை. கம்பி சுமாராயிருந்தால் வேகம் குறைந்து பேரம் படியும், மோசமாயிருந்தால் முறிந்துவிடும். 56 கே என்று அச்சடித்த மோடம் 28-ல் இணைந்தால், முதலில் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

யந்திரம் வாய்மூடியும் இருக்கவில்லை. எண் போட்டுக் குறையைச் சொன்னது. 680 என்றால் டயல் டோன் இல்லை. கம்பியை 'லைன்' துளையில் செருகாமல் 'போன்' துளையில் செருகியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். காதுக்கு டோன் கேட்டும் மோடம் இல்லை என்று சாதித்தால், 'டோனுக்குக் காத்திரு' என்ற குறியை எடுத்துவிட வேண்டும். 676 என்றால் எதிர்முனை வேலையாயிருக்கிறது. 678 என்றால் பதில் இல்லை. 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. நடுவில் அறுந்தால், அடுத்த அறையில் யாராவது இன்னொரு ரிசீவரை எடுத்திருப்பார்கள். அல்லது கால் வெயிட்டிங் சத்தம் குறுக்கிட்டிருக்கும். இடி இடித்த மறுநாள் மோடம் அடியோடு பேசாவிட்டால், மின்னல் டெலிபோன் கம்பி வழியே வந்து அதைக் கொன்றிருக்கலாம். இவற்றில் எதற்கு ஐயா, ஹார்டு டிஸ்க்கை அழிக்க வேண்டும்?

மென்பொருள் கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெடும். அதற்கும் சோதனை உண்டு. ஹேய்ஸ் கம்பெனி 1981-ல் கொண்டுவந்த கட்டளை முறைப்படி, மோடத்தை 'ஏடி' என்று கூப்பிட்டால் 'ஓகே' என்று பதில் வர வேண்டும். ஆள் உயிரோடிருக்கிறானா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். பதில் வந்துவிட்டால் வெளியே தேடு. வராவிட்டால் மோடத்தின் டிரைவரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடு. விரலில் முள் குத்தினால் கையையா வெட்டுவது?

"பொதுஜனத்துக்கு இதெல்லாம் எதற்கு? சீக்கிரம் வேலை நடந்தால் சரி" என்கிறார்கள் கெட்டிக்காரர்கள். யாருக்குச் சீக்கிரம்? எதிர்முனை எடுத்துவிட்டு அறுந்த ஒவ்வொரு முயற்சிக்கும் டெலிபோன் பில்லில் கணக்கு ஏறியது எனக்கு. அத்தியாயங்கள் போனதும் எனக்கு. சீக்கிரம் வீட்டுக்குப் போனவன் அந்தப் பையன்!

இன்று மோடத்தின் கூச்சல் இல்லை. அதோடு அதன் யோக்கியதையும் போய்விட்டது. கையிலிருக்கும் கருவிகளில் பல, 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு வரி காட்டிவிட்டு மௌனம் சாதிக்கின்றன. என்ன தவறு, எங்கே தவறு என்று கேட்டால், 'அணைத்துப் போடுங்கள். போகாவிட்டால் அழித்துப் போடுங்கள்' என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் குறையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த மூன்று அத்தியாயங்களையும் மறுபடி எழுதினேன். போனவை இவற்றைவிட நன்றாயிருந்தன என்றே இன்றும் தோன்றுகிறது. உங்கள் வீட்டு யந்திரம் நின்றுபோய், வந்தவர் "அழித்துவிடலாம்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குறை இங்கேதான் என்று உமக்கு எப்படித் தெரிந்தது?" பதில் வராவிட்டால், காபி கொடுத்து வாசலைக் காட்டுங்கள்.