தூது போகும் பிள்ளை

முன்னாளில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். இன்று அவரும் இரு பிள்ளைகளுக்குத் தந்தை. பேச்சிடையே தம் இளமைப் பருவத்தை நினைவுகூர்ந்தார். பெற்றோர் பிரிந்தபோது அவருக்கு வயது ஒன்பது. வாரநாட்களில் அன்னையுடன் வாழ்வார். சனிக்கிழமைதோறும் துணிப்பையுடன் தந்தையார் வீட்டுக்குப் போவார்.

"பையைவிடச் செய்திதான் பாரம், சேர்" என்றார். "பணம் அனுப்ப வக்கில்லாதவர் பிள்ளையை ஏன் கேட்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவா. நான் போய், அம்மா சுகம் விசாரித்தா என்பேன். அப்பா சொல்லிவிடுவதையும் அப்படியே வழியில் மாற்றிவிடுவேன்."

ஒன்பது வயதில் இத்துணை இராசதந்திரம்! வகுப்பில் உறங்கி விழுகிறான் என்று நான் அவரைப் பலமுறை கடிந்ததுண்டு. காரணம் இப்போதுதான் விளங்கிற்று.

மணவாழ்வு நிலவுங்காலத்தில் பிள்ளைமீது தந்தைக்கே முதல் உரிமை என்பது உரோம-டச்சுச் சட்டத்தின் பழைய நெறி. அச்சட்டம் நம் நாட்டிற் பொதுச்சட்டமாக நிலவினும், கட்டுக்காப்பு வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்று பிள்ளையின் நலனையே முதற்கண் நோக்குகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் நிறைவேற்றி, இலங்கை 1991 இல் ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் சமவாயமோ, இரு பெற்றோருடனும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது. அத்தொடர்பு பிள்ளையின் நலனுக்கு மாறாயின் மட்டுமே விலக்கு. உரிமை யாருக்குரியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பணம் வரவில்லையென்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லையென்று பணத்தை நிறுத்துவதும், அவனுடைய உடைமையை அவனைக் கேளாமலே அடகு வைப்பதற்கு ஒப்பாகும். தாபரிப்புக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றமும் உண்டு. அவ்வழக்கை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை எவ்வீட்டில் எத்தனை நாள் தங்குவது என்பதே பெரிய வினா என்று பலர் எண்ணுகின்றனர். கலிபோர்னியாவில் பெற்றோர் பிரிந்து நான்கரை ஆண்டுகள் சென்றபின் 522 இளம்பிள்ளைகளிடம் உசாவி, 1991 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு வீடுகளிலும் மாறிமாறி வாழ்ந்த பிள்ளைகளுள், பெற்றோர் பகைத்து நின்றவிடத்து, தாம் இருவருக்குமிடையே அகப்பட்டுத் தவிப்பதாக உணர்ந்தவர் மிகுதி. பெற்றோர் ஒத்துழைத்தவிடத்தோ, அதே ஏற்பாட்டில் அத்தவிப்பு மிகக் குறைவு. நாட்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுவிட்டோம் என்று மகிழ்வோர் இதனைச் சிந்திப்பாராக.

கையோங்கும் பெற்றோரிடம் பிள்ளையைத் தனியே அனுப்பும்படி நான் கூறவில்லை. அங்கே பாதுகாப்பே முதன்மை. நீதிமன்றத்திடமே முறையிட வேண்டும்.

ஏனையோருக்கு அம்மாணவரே ஒரு வழி சொன்னார். அவருடைய தங்கையும் கணவரும் இப்போது பிரிந்து வாழ்கின்றனர். மருந்து எப்போது கொடுப்பது, பரீட்சை என்றைக்கு, சப்பாத்து சிறுத்துவிட்டது என்பனவற்றையெல்லாம் அவ்விருவரும் ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளையின் கையிற் கொடாமல் தாமே கைமாற்றிக்கொள்கின்றனர். முதல் மாதம் வசைமொழியும் சில பக்கங்களில் இருந்ததாம். அப்பக்கங்களைத் தாய்மாமன் என்ற உரிமையில் இவரே கிழித்தெறிந்தாராம்.