சாணவாயுத் தொட்டியைக் கலக்கும் முறை

சாணவாயுத் தொட்டி அமைக்க விரும்பும் கமக்காரர் பலர் குழியின் அளவையும் சீமெந்தின் விலையையும் கணக்கிடுகின்றனர். கலக்கும் முறையைப் பற்றி எண்ணுவதில்லை. எமது கருத்துப்படி, முதலில் தீர்மானிக்க வேண்டியது அதுவேயாகும்.

கலக்கப்படாத தொட்டியில் வைக்கோலும் நாரும் மிதந்து, தடித்த ஆடையாக இறுகி, வாயு எழுவதைத் தடுக்கும். மணல் அடியிற் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். புதிய கரைசல் நன்கு மக்காமலே வெளியேறும். இதனால் அடுப்புக்கு எரிபொருளும் குறையும். வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் உரிய பசளையும் தரங்குன்றும்.

ஆயினும் இடைவிடாது வேகமாகக் கலக்குதலும் தவறே. அமிலத்தை ஆக்கும் பற்றீரியாக்களும், அதனை மெதேன் வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களும் நெருங்கியிருந்தே தொழில் புரிகின்றன. கடுங்கலக்கம் அவற்றைப் பிரித்துவிடும்.

ஆகவே வீட்டுத் தொட்டிக்கு மோட்டார் வேண்டியதில்லை. சாணத்துடன் சம அளவு நீர் சேர்த்து, கல்லும் மணலும் நீக்குக. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி இடுக. நேரான உட்குழாயின் வழியே நீண்ட தடியை விட்டு, காலையும் மாலையும் சில நிமிடம் மெதுவாக அசைத்தல் போதும். குழாயின் கீழ்வாய் கரைசலுள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். அன்றேல் வாயு வெளியேறும்.

ஆடை இறுகிவிட்டதென எண்ணித் தொட்டியினுள் ஒருபோதும் இறங்கற்க. உள்ளிருக்கும் வாயு உயிரைப் போக்கும். அந்நிலை நேராதிருக்க, கட்டும்போதே தடி செல்ல நேர்வழி விடுக.